‘இரண்டாம் கட்டு’ ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலிருந்து நான் பாடி வெளியிட்ட ஆல்பம் ‘இரண்டாம் கட்டு’. ஒன்பது பாட்டு, 41 நிமிடம். வெளிவந்த நாளிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும் வாட்ஸாப்பிலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இது பாப் இசையா, ராக்கா, நாட்டுப்பாட்டா?

மூன்றும் இருக்கிறது. செயலிகளில் ஏற்றும்போது ஏதாவது ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதால் ‘பாப்’ என்று கொடுத்தேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் முதல்முறை கேட்கும்போதே கூடப் பாடக்கூடிய பல்லவி இருக்கும், அதனால் அந்தப் பெயர் தகும். கிட்டாரும் டிரம்ஸும் ராக் வழியில் போகின்றன. ஒரு பாட்டு ப்ளூஸ், ஒன்று ரெகே. மெட்டுகளில் பாதிக்குமேல் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி இவற்றிலிருந்து பிறந்தவை.

கலப்பில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாட்டின் நடை எதுவோ, அதுதான் வாத்தியத்தைத் தீர்மானிக்க வேண்டும். நாட்டுப்பாட்டுக் குரலை ஒரு துண்டு வெட்டி எடுத்து, அதற்குக் கீழே நான்கு தட்டு எலக்ட்ரானிக் தாளத்தை ஓடவிடுவது இப்போது எங்கும் நடக்கிறது. கும்மி மூன்று மூன்றாகக் குதிக்கும் பாட்டு. அதை நான்குக்குள் அடைத்தால் சொற்கள் நசுங்கும், குதிப்பு செத்துப்போகும். மூன்றில் நடக்கும் பாப் எத்தனையோ உலகத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் போய்ச் சேர்த்தால் இரண்டும் உயிரோடு இருக்கும்.

ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, ஒரே ஆல்பம் என்று எப்படிச் சொல்வது?

குரல் ஒன்று, வீடு ஒன்று. ஒன்பது பாட்டும் ஒரே வீட்டில், ஒரே மைக்கில் பாடப்பட்டவை. பாட்டு எந்தப் பக்கம் போனாலும் அந்த வீட்டின் சத்தம் பின்னால் இருந்துகொண்டே இருக்கும். சுருதியையும் பெரும்பாலும் மாற்றவில்லை. ஐந்தரைக் கட்டையில் தொடங்கி அதிலேயே முடிகிறது. நடுவில் ப்ளூஸ் பாட்டு மட்டும் ஆறு கட்டை.

பாடுபொருளும் ஒன்றுதான். ஆண்கள் பர்மா, மலாயா, சைகோன் என்று கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன காலத்தில் வீட்டைச் சுமந்த பெண்கள், இன்று பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, அதே வீட்டைப் பூட்டித் திறந்துகொண்டிருக்கும் பெண்கள். அவர்கள் உழைத்ததும் பேசியதும் பாடியதும் முகப்பில் இல்லை, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில்தான்.

எங்கே பதிவு செய்தீர்கள்? ஸ்டுடியோவா?

எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில். இதைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செட்டிநாட்டு வீடு பார்க்க அழகு, பதிவுக்குப் பொல்லாதது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண்கள் என்று எல்லாமே வழுவழுப்பு, எல்லாமே கெட்டி. சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. பட்டாலை என்னும் கூடத்தில் நின்று ஒரு வரி பாடினால் அடுத்த வரியின் முதல் சொல்மேல் போன வரியின் கடைசிச் சொல் வந்து விழும். எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக நிற்பதால் கைதட்டினால் ‘டர்ர்’ என்று ஓர் அதிர்வு வேறு. நடு முற்றமான வளவில் மேலே வானம் திறந்திருப்பதால் அங்கே சத்தம் ஓரளவு வெளியேறிவிடும். ஆனால் மைனா உண்டு, தெருவில் ஹாரன் உண்டு. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டால் பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். முதன்மைக் குரலை மெத்தை, தலையணை எல்லாம் அடுக்கி வைக்கும் உள்ளறையில் பாடினேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிறு கட்டி ஜமுக்காளமும் பஞ்சு மெத்தையும் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் கீச்சுச் சத்தம் மட்டும்தான் அடங்கும். நடுவில் காற்று இருந்தால் கொஞ்சம் கனமான சத்தமும் அடங்கும். பக்கத்துச் சாமான் அறையால் ஒரு தொல்லை வந்தது. பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் அங்கிருந்த பித்தளை அண்டா ஒன்று கூடவே முனகியது. உள்ளே பழைய சேலைகளைத் திணித்த பிறகுதான் நின்றது.

கைதட்டலும் குலவையும் வளவிலேயே. அவற்றுக்கு அந்த எதிரொலி வேண்டும். குலவையிட வந்த ஆச்சிமாரைத் தூணுக்கு ஒருவராக நிற்க வைத்து, இரண்டு மைக்கைத் தூரத்தில் வைத்துப் பதிந்தோம். கணினியில் எந்த எஃபெக்ட்டும் சேர்க்கவில்லை. நீங்கள் கேட்பது அந்த வீடு.

ஆல்பத்தின் வேகமான ராக் பாட்டில் இன்னொரு வேலை நடந்தது. முகப்புக் கதவிலிருந்து பின்கட்டு வரை எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால், ஒரு கோடியில் தட்டும் சத்தம் சுமார் 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்புகிறது. போகவர 34 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் எதிரொலி பத்தில் ஒரு நொடியில் வந்து சேரும். பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு 150 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டு 0.4 நொடி, அதில் கால் பங்கு சரியாக 0.1 நொடி. டிரம்மர் முதலில் 144-இல் வாசித்துக்கொண்டிருந்தார், எதிரொலி தாளத்தோடு சண்டை போட்டது. 150-க்கு ஏற்றியதும் சுவரே கூட வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஸ்நேர் டிரம்முக்குப் பின்னால் நூல் பிடித்த மாதிரி இன்னொரு தட்டு கேட்கிறதல்லவா, அதை யாரும் வாசிக்கவில்லை.

தனி ஆல்பம் என்கிறீர்கள், இத்தனை பேர் வாசித்திருக்கிறார்களே?

பாட்டும் வரியும் குரலும் முடிவுகளும் என்னுடையவை, அதனால் தனி ஆல்பம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், தவில், குலவை எல்லாம் மற்றவர்கள். எல்லோருடைய பெயரும் செயலிகளில் ‘கிரெடிட்ஸ்’ பகுதியில் இருக்கிறது. ஒரு பெயரும் விடக்கூடாது என்று கெஞ்சி, மூன்று செயலிகளில் திருத்தச் சொல்லிப் போட வைத்தேன்.

கர்நாடக சங்கீதம் கற்றவர் என்கிறார்கள். கிட்டார் கார்டோடு கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) எப்படி ஒத்துப்போகிறது?

இதுதான் ஆல்பத்திலேயே கடினமான வேலை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

மேற்கத்திய கார்டு ஒன்றில் குறைந்தது மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும். நடுவில் இருக்கும் காந்தாரம்தான் அதை மேஜரா மைனரா (கார்டின் இரண்டு முக்கிய வகைகள்) என்று சொல்லும். நம் பாட்டில் அந்தக் காந்தாரம்தான் அசையும். எங்கள் ஆயா பாடும் தாலாட்டு மெட்டில் ஆனந்தபைரவியின் சாயல் உண்டு. அதில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கவே நிற்காது. மேலே எட்டிப் பார்த்துவிட்டு ரிஷபத்தை நோக்கி வழுக்கும். கீழே கிட்டார் மைனர் கார்டை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால், நான் சரியாகப் பாடினாலும் சுருதி விலகியதுபோல் கேட்கும். கேட்பவர் பாடகியைத்தான் குறை சொல்வார்.

அதனால் கிட்டாரிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டோம். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள ‘பவர் கார்டு’ ராக்கின் அடிப்படைச் சொத்து. கிட்டாரை டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பில்) போடும்போது காந்தாரம் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும், ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் கல்போலத் தெளிவாக நிற்கும் என்பதால்தான் ராக் கிட்டார்காரர்கள் அதை அவ்வளவு விரும்புகிறார்கள். தம்பூராவும் பெரும்பாலும் அதே இரண்டு சுரத்தைத்தான் மீட்டுகிறது. ராக் கிட்டாருக்கும் நம் குரலுக்கும் நடுவில் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. காந்தாரம் முழுக்கக் குரலுக்கே சொந்தம், எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம்.

வாசித்துப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு: ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவத்தில் பிடியுங்கள். ஆறு கட்டைப் பாட்டுக்கு ஏ, கேப்போ வேண்டாம்.

தாலாட்டுக்கு டிரம்ஸ் அடிக்கலாமா?

தாலாட்டில் டிரம்ஸ் இல்லை. நன்றாகக் கேளுங்கள், தொட்டில் கயிறு உத்திரத்துக் கொக்கியில் உரசும் சத்தம்தான் தாளம். ஆட்டும் கை போய் வரும் வேகம் ஆறு தட்டுச் சுழற்சியில் அழகாக உட்காரும். மேற்கே மெதுவான பாப் பாலட் எத்தனையோ இதே ஆறில் நடப்பவை. அதனால் கிட்டாரும் பேஸும் வந்து சேர்ந்தபோது யாரும் யாருக்கும் இடம் விட வேண்டியிருக்கவில்லை.

தாலாட்டின் கட்டமைப்பே பாப் பாட்டுக்குரியது என்பது என் கருத்து. யார் அடித்து அழுகிறாய் என்று குழந்தையைக் கேட்டு, அம்மான், அத்தை, பாட்டி என்று உறவை ஒவ்வொன்றாக அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பூவோ பொருளோ கொடுத்து, மறுபடி ‘ஆராரோ’வுக்குத் திரும்புவது. வரி மாறும், பல்லவி மாறாது. நான் புதிதாக எழுதிய வரிகளில் அம்மான் சீர் கொண்டுவருவதற்குப் பதில் வீடியோ காலில் வருகிறான். மற்றபடி வரிசை பழையதுதான்.

ஒப்பாரியை வீட்டில் போட்டுக் கேட்கலாமா? ஆகாது என்கிறார்கள் பெரியவர்கள்.

அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். அதனால்தான் அந்தப் பாட்டை ஆல்பத்தின் கடைசியில் வைத்தேன். வேண்டாம் என்பவர்கள் எட்டாவது பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கோ பாடப்பட்ட உண்மையான ஒப்பாரியை நான் எடுக்கவில்லை. அது அந்த வீட்டாருடையது. வரிகள் என்னுடையவை, ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்களையும் வந்து சேராதவர்களையும் பற்றியது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்கு யாரும் மாரடித்து அழவில்லை.

ஒப்பாரிக்குத் தாளம் கிடையாது, மூச்சுதான் கணக்கு. ஆகவே டிரம்ஸ் இல்லை. எலக்ட்ரிக் கிட்டார் ஒற்றைச் சுரத்தை விடாமல் ரீங்கரிக்கும், குரல் அதன்மேல் ஏறி இறங்கும். ஒரே டேக். மூச்சு வாங்கும் சத்தத்தை ஒலிப்பொறியாளர் வெட்டட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

கும்மிப் பாட்டில் ஊர்ப்பெயர்கள் வருகின்றனவே?

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் கூவுவதுதான். ‘கண்டனூர்’, ‘கோட்டையூர்’, ‘பள்ளத்தூர்’ மூன்றும் மூன்று தட்டில் கச்சிதமாக முடியும். கும்மிக்கென்றே வைத்த பெயர்கள் மாதிரி. ‘கானாடுகாத்தான்’ வந்ததும் நடை இடறும்: ‘கானாடு’ மூன்றில் முடிந்துவிட, ‘காத்தான்’ இரண்டில் நின்று ஒரு தட்டு காலியாகிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து கைதட்டுகிறார்கள். குழந்தைகள் அந்தத் தட்டுக்காகவே காத்திருந்து கேட்பதாக அம்மாக்கள் எழுதுகிறார்கள். ஆல்பத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

தவிலையும் டிரம்ஸையும் ஒன்றாக வாசிக்க வைத்தது எப்படி?

பழனிப் பாதயாத்திரைப் பாட்டைச் சொல்கிறீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிக் காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பாட்டின் வேகம் நடையின் வேகம், நிமிடத்துக்கு 110 காலடி.

தவில்காரர் பெரியவர். இடது கையில் குச்சி, வலது கை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பவர். திறந்த வெளிக்கென்றே உண்டான வாத்தியம் அது. அறைக்குள் வாசித்தால் மற்ற எதுவும் கேட்காது. ஸ்டுடியோ வழக்கப்படி ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் ‘கிளிக்’ சத்தம் கொடுத்து, அதற்கு வாசிக்கச் சொல்லலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் சரியாகப் படவில்லை. நாகசுரத்தின் மூச்சைப் பார்த்து வாசித்தே பழகியவர் அவர். ஆகவே தவிலை முதலில் முற்றத்தில் தனியாகப் பதிந்தோம். நான் எதிரில் நின்று பாடினேன், அவர் என் மூச்சைப் பார்த்தார். பிறகு டிரம்மர் தம்பி அதைக் கேட்டுக் கேட்டுக் கூட நடந்தான். இரண்டாவது, நான்காவது தட்டில் ராக்குக்கு விழ வேண்டிய அடி முழுக்கத் தவிலில் விழுகிறது. கடைசியில் வேகம் கொஞ்சம் கூடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். மலை தெரிந்ததும் நடப்பவர்களும் அப்படித்தான் வேகமாவார்கள்.

காரைக்குடிக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்பவர்கள் ஊரின் இசை வரலாற்றை ஒருமுறை பார்க்க வேண்டும். காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையில் இரட்டையராக வாசித்தவர்கள். மூத்தவர் வீணையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வாசிப்பார். வழக்கத்தை மீறியதால் யாரும் அவரைக் குறைவாக மதிக்கவில்லை. குன்னக்குடி வைத்தியநாதன் வயலினுக்குத் தவிலைப் பக்கவாத்தியமாக்கினார், கச்சேரியில் சினிமாப் பாட்டும் வாசித்தார். பண்டிதர்கள் முகம் சுளித்தாலும் கூட்டம் அலைமோதியது. மிருதங்க மேதை காரைக்குடி மணி ஆஸ்திரேலிய ஜாஸ் கலைஞர்களோடு மேடையேறினார். ஏவி.எம். ஸ்டுடியோவின் ஏ.வி. மெய்யப்பன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்துப் படம் எடுத்தார். கிராமஃபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வந்தவர் அவர்.

கப்பலில் பர்மா தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொண்டுவந்து ஒரே வீட்டில் சேர்த்த ஊர் இது. அந்த வீட்டில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் சேர்வதில் எனக்கு வியப்பில்லை.

இதுபோல் முன்பு யாராவது செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர். லண்டனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுஷீலா ராமனின் ‘சால்ட் ரெயின்’ 2001-இல் வந்தது. தீட்சிதர், தியாகராஜர் கீர்த்தனைகள் கிட்டாரோடும் ஆப்பிரிக்கத் தாளங்களோடும் அதில் உண்டு. சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் இங்கிலாந்தின் மெர்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்க் குரல் தன் அசைவை விடாமல் வேறு இசைக்குள் நடமாட முடியும் என்று எனக்குக் காட்டிய ஆல்பம் அது. இளையராஜா 1986-இல் ‘ஹௌ டு நேம் இட்’ வெளியிட்டார், ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹும் நம் ராகங்களும் சந்திக்கும் தொகுப்பு. அதில் பாட்டு வரிகள் இல்லாவிட்டாலும், கலப்பைப் படிக்க விரும்புபவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

அதே 1986-இல் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ வந்தது. அமெரிக்கப் பாப் பாடகர் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு ஜோகன்னஸ்பர்க் போய்ப் பதிந்தது. இசை பிரமாதம். ஆனால் நிறவெறி அரசுக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் போனதற்காகக் கடும் கண்டனத்தையும் சந்தித்தார். வாசித்தவர்களுக்கு நியூயார்க் இசைக்கலைஞர் சங்கக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர் இசையை எடுத்துப் பாடும் யாரும் இந்த இரண்டு பக்கத்தையும் யோசிக்காமல் இருக்க முடியாது.

நாட்டுப்பாட்டுக்குத்தான் உரிமையாளர் இல்லையே, யாருக்குப் பணம்?

சட்டப்படி, ஆசிரியர் தெரியாத பரம்பரைப் பாட்டை யாரும் பாடலாம். ஆனால் அதை ஓர் ஆச்சி பாடி நீங்கள் பதிந்தால், அவர் பாடியதில் அவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டம் அதை 50 ஆண்டுகளுக்குக் காக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார் பாடுவதைப் பதிந்து, காபியும் பலகாரமும் கொடுத்துவிட்டு, பாட்டைத் தன் பெயரில் விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது திருட்டு. வேறு சொல் என்னிடம் இல்லை.

குலவையிட்டவர்களும் கும்மியில் பின்பாட்டுப் பாடியவர்களும் கிட்டார்காரர் வாங்கிய அதே நாள் சம்பளம் வாங்கினார்கள். தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். வருமானத்தில் பங்கும் அதில் இருக்கிறது. எழுத்தில் வைத்தால் உறவு கெடும் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஆச்சிமார் வட்டிக் கணக்கு பார்த்தே வளர்ந்தவர்கள், கணக்கைத் தெளிவாக வைத்ததில் அவர்களுக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

நம்ம ஊர்க் கண்ணதாசன் பாட்டு ஒன்றை ராக்காகப் பாடலாமே?

ஆசை எனக்கும் உண்டு. சிறுகூடல்பட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். கவிஞர் மறைந்தது 1981, ஆக 2041 முடியும் வரை. சினிமாப் பாட்டு என்றால் மெட்டு, ஒலிப்பதிவு என்று உரிமை இன்னும் பல கைகளில் இருக்கும். முன்பே வெளியான பாட்டைப் புதிதாகப் பதிந்து வெளியிடச் சட்டத்தில் வழி இருக்கிறது: முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி முன்கூட்டியே கட்ட வேண்டும். என்னைப் போன்ற தனிப் பாடகிக்கு அது எட்டாது.

பாரதியைப் பாட யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதிலும் எங்கள் ஊருக்குப் பங்குண்டு. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்தவர் மெய்யப்பன். 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அந்தப் பாடல்கள் ஒலித்தது அப்படித்தான். 1949-இல் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியபோது அந்த உரிமையை அவர் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார்.

ஏன் சினிமாவில் பாட முயலவில்லை?

கூப்பிட்டால் பாடுவேன். ஆனால் சினிமாவில் சூழலுக்குப் பாட்டு. என் சூழலுக்கு நான் பாட வேண்டியிருந்தது.

வரிகளில் ஆங்கிலம் ஏன் இல்லை?

தேவைப்படவில்லை. ‘வீடியோ கால்’, ‘சார்ஜர்’, ‘டோக்கன்’ எல்லாம் வருகின்றன, அவை எங்கள் பேச்சு.

எவ்வளவு செலவு?

தொகை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் நிலைமை வேறு. எது எதற்குப் போனது என்று சொல்கிறேன். பெரும்பகுதி கலைஞர் சம்பளம். அடுத்தது மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைக் கலப்பது), மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு). கருவிகளில் ஒரு நல்ல கண்டென்சர் மைக்கும் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் மட்டும் சொந்தம், மற்றதெல்லாம் வாடகை. ஸ்டுடியோ வாடகை இல்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டால் என்று யுபிஎஸ் வாங்கியதில் கொஞ்சம் போனது. முதல்முறை செய்பவர்கள் மைக்கில் மிச்சம் பிடித்தாலும் மிக்ஸிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். இத்தனை வகை இசை ஒன்றாக உட்காருவது அந்த மேசையில்தான்.

சத்தம் மற்ற ஆல்பங்களைவிடக் குறைவாகக் கேட்கிறதே?

வேண்டுமென்றே. பெரிய செயலிகள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகின்றன. ஸ்பாடிஃபையில் அது மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (சத்த அளவின் அலகு). அதற்குமேல் அமுக்கி உரக்கச் செய்தால் செயலி குறைத்துவிடும், மிஞ்சுவது நசுங்கிய ஒலி மட்டும். தாலாட்டு மெதுவாகவும் ராக் உரக்கவும் இருக்கட்டும் என்று விட்டோம். ஒரே ஒரு வேண்டுகோள்: போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஹெட்ஃபோன் போடுங்கள். ‘ஷஃபிள்’ வேண்டாம், வரிசையாகவே கேளுங்கள்.

கல்யாணத்தில், திருவிழாவில் பாடுவீர்களா?

பாடுவோம். கல்யாணம் என்றால் எட்டுப் பாட்டு. தவில்காரர் அந்த முகூர்த்தத்தில் வேறு கல்யாணத்தில் இருப்பார் என்பதால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலும் அப்பத்தா பாட்டு வைத்திருக்கிறார். எப்படிப் பதிவது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். இன்றே பதியுங்கள், போனே போதும்.

ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் பிளக்கையும் கொஞ்ச நேரம் எடுத்துவிடுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் தலையணைமேல் வையுங்கள். மேசைமேல் வைத்தால் வளையல் இடிக்கும் சத்தமெல்லாம் ஏறும். ரெக்கார்டர் செயலியில் தரம் குறையாத ‘வேவ்’ (WAV) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வரி மறந்துபோனால் எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். மறந்த இடத்தில் அவர் புதிதாகக் கட்டுவதும் பாட்டுதான். கையை ஆட்டிக்கொண்டோ தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டோ பாடச் சொன்னால் நடை தானாக வரும். பாடி முடித்ததும் யாரிடம் கற்றார், எந்த ஊர், எப்போது பாடுவார்கள் என்று அவர் குரலிலேயே கேட்டுப் பதியுங்கள். வெளியே கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் அது வீட்டோடு இருக்கட்டும்.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையலாம், ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கட்டும்.